வந்துகிட்டே இருக்கான்

ஜூன் 9

மருமகளுக்கு அத்தை எழுதுவது.

முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. நீ போய் இறங்கின இடத்தில் தண்ணீர் ஒத்துக்கொண்டதா, சோறு தொண்டையில் இறங்குகிறதா என்று எழுது. என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அஞ்சாவதோடு நின்றவளுக்கு இவ்வளவுதான் வரும்.

இனிமேல் போனில் பேசிக்கொள்ளலாம் என்று கிளம்பும்போது சொன்னாய். யோசித்துப் பார்த்தேன், அது சரிப்படாது. வீட்டில் இருப்பது என் பிள்ளையின் போன் ஒன்றுதான். நாம் இரண்டு பேரும் அதில் பேசிக்கொண்டிருந்தால், வேறு யாராவது கூப்பிடும்போது லைன் கிடைக்காது. லிஃப்ட் மெக்கானிக் போன் அது. எத்தனையோ கட்டடத்து லிஃப்டுக்குள் அவன் நம்பர் இன்னும் ஒட்டியிருக்கிறது. அவன் செத்துப்போனது ஸ்டிக்கருக்குத் தெரியுமா? அதனால் நீ கடிதமே போடு.

நீ போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. பட்டன் தைக்க வருகிற சட்டைகளை உன் கட்டிலில்தான் குவித்து வைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. காலியாகக் கிடந்தால் பார்க்கச் சகிக்கவில்லை.

போய்ப் படி என்று சொன்னது நான்தான். அது அவன் ஆசை. "நான் லிஃப்டுல மாட்டினவங்களை வெளிய எடுக்கறேன், என் பொண்டாட்டி மனசுல மாட்டினவங்களை வெளிய எடுக்கப் போறா" என்று கண்டவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன். அந்தப் பேச்சுக்காகத்தான் உன்னைப் போகச் சொன்னேன். ஆனால் பஸ் கிளம்பினபோது நீ ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாய் என்று நின்றுகொண்டே இருந்தேன். சரி, அது போகட்டும்.

வெயிலில் அலையாதே.

அத்தை

---

ஜூன் 26

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தண்ணீர் ஒத்துக்கொண்டது. சாப்பாடு பரவாயில்லை, உப்புதான் அள்ளிப் போடுகிறார்கள். முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள். தரையில் உட்கார்ந்து பட்டன் தைக்காதீர்கள்.

பஸ்ஸில் நான் திரும்பிப் பார்க்கவில்லை அத்தை. பார்த்திருந்தால் இறங்கியிருப்பேன்.

இது பெரிய மனநல மருத்துவமனை. மருந்து எழுதுவது டாக்டர்கள் வேலை. எங்கள் வேலை வேறு. வருகிறவர்களை உட்கார வைத்துப் பேச விடவேண்டும், சில சோதனைகள் செய்து பார்க்கவேண்டும், உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களோடு சேர்ந்தே கண்டுபிடிக்கவேண்டும். எனக்குக் கொடுத்திருக்கும் அறை நம் சமையலறை அளவுதான். இரண்டு நாற்காலி, ஒரு மேசை, சுவரில் ஒரு கண்ணாடி. இந்தப் பக்கத்திலிருந்து அது முகம் பார்க்கிற கண்ணாடி. அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது ஜன்னல். வருகிறவரிடம் முதலிலேயே சொல்லி, சம்மதம் கேட்டுவிட்டு, எங்களுக்குச் சொல்லித்தருகிற மேடம் அந்தப் பக்கம் உட்கார்ந்து கவனிப்பார்.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். ஒரு அம்மாள் அழ ஆரம்பித்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்ததும் மேடம், "அந்தம்மா இன்னும் சொல்லி முடிக்கவே இல்லையே, அதுக்குள்ள ஏன் கதவைச் சாத்தினே?" என்று கேட்டார்.

போனைப் பற்றி ஒரு விஷயம். கட்டடங்களை எல்லாம் இப்போது, அவரோடு வேலை செய்த ஒல்லிதான் பார்த்துக்கொள்கிறார். யாராவது அழைத்தால் நடந்ததைச் சொல்லி, ஒல்லியின் நம்பரைக் கொடுத்துவிடுங்கள். சுவரில் பெரிதாக எழுதி வைத்துவிட்டுத்தான் வந்தேன். நிறைய அழைப்பு வருகிறதா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்

---

ஜூலை 13

மருமகளுக்கு அத்தை எழுதுவது.

ஒத்தடம் கொடுக்கிறேன். உப்பு அதிகம் என்றால் வாயைத் திறந்து கேள். எதைப் போட்டாலும் பேசாமல் விழுங்குகிறவள் நீ.

உன் படிப்பைப் பற்றி எதிர்வீட்டுக்காரி விசாரித்தாள்.

"உன் மருமக மாத்திரை குடுப்பாளா?"

"குடுக்க மாட்டா. பேசுவா."

"பேசறதுக்கா இத்தனை வருஷப் படிப்பு? நான் படிக்காமலே பேசறேனே!"

"நீ பேசினா இல்லாத நோயும் வரும்" என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். இரண்டு நாள் கழித்து வந்து, கதவோரம் நின்றுகொண்டு, தன் மகன் ராவெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான், நீ வரும்போது பார்ப்பாயா என்று கேட்டாள். பார்ப்பாள் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒளிந்து உட்கார்ந்து பார்க்கிற அந்தக் கண்ணாடி எனக்குப் பிடிக்கவில்லை. சம்மதம் வாங்கினாலும் ஒளிவு ஒளிவுதான்.

அவன் கருவிப் பையை நேற்று எடுத்துத் துடைத்தேன். துரு ஏறுகிறது. ஒல்லி கேட்டான், கொடுக்கவில்லை.

போன் சும்மாதான் கிடக்கிறது. எப்போதாவது அடிக்கும். பதில் சொல்லிவிடுகிறேன். நீ அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. படிப்பைப் பார்.

அத்தை

---

ஆகஸ்ட் 2

அன்புள்ள அத்தைக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத வரவில்லை. இன்று காலை விடுதி அலுவலகத்துக்கு ஒல்லி போன் செய்தார்.

பல் டாக்டர் கட்டடத்து லிஃப்டில் மாட்டிக்கொண்ட டீச்சரைப் பற்றிச் சொன்னார். மூச்சிரைப்பு உள்ள பெண்மணி. உள்ளே ஒட்டியிருந்த நம்பருக்கு அழைத்திருக்கிறார். நீங்கள் எடுத்து, "வந்துகிட்டே இருக்கான், பத்து நிமிஷம் பொறுத்துக்கோங்க" என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை நம்பி அவர் கதவைத் தட்டவில்லை, கத்தவில்லை, வேறு யாரையும் கூப்பிடவில்லை. காவலாளி தற்செயலாக வந்து பார்த்தபோது தரையில் மயங்கிக் கிடந்தாராம்.

இது முதல் தடவை இல்லை என்றும் ஒல்லி சொன்னார். யார் அழைத்தாலும் அப்படித்தான் சொல்கிறீர்களாம். சில பேர் காத்திருந்து பார்த்துவிட்டு, தாங்களே அவரைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். கும்பிட்டுக் கேட்டும் நீங்கள் போனைக் கொடுக்கவில்லையாம்.

அத்தை, உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் அந்த டீச்சர் பிழைத்தது அதிர்ஷ்டம். அடுத்தவர் பிழைக்காமல் போகலாம். அந்த இணைப்பு என் பெயரில்தான் இருக்கிறது. மாதக் கடைசியில் அதை நிறுத்தச் சொல்லப் போகிறேன். உங்களுக்குப் புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன்.

தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்

---

ஆகஸ்ட் 7

மருமகளுக்கு.

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீயும் என் முழங்காலை விசாரிக்க வேண்டாம்.

நிறுத்து. உன் பேரில் இருக்கிறது, ஒரு கையெழுத்துப் போட்டால் நின்றுவிடும். ஆனால் அன்றோடு உனக்கு அத்தையும் இல்லை, எனக்கு மருமகளும் இல்லை.

என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டாயா? ஒல்லி சொன்னதை அப்படியே வாங்கி எழுதிவிட்டாய். ஊரார் சொல்வதை எல்லாம் முடிக்கிறவரை கேட்பதற்குத்தானே அங்கே படிக்கிறாய்?

நான் சொல்கிறேன், கேள். அந்தப் பொம்பளை கூப்பிட்டாள். "லிஃப்ட் நின்னுடுச்சும்மா, அவர் இருக்காரா?" என்றாள். நானாக யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. அது அவன் வார்த்தை. சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, செருப்பில் கால் நுழைவதற்கு முன்னாலேயே "வந்துகிட்டே இருக்கேன் சார்" என்பானே, அது. அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "சரிம்மா, அவசரமில்ல, பத்திரமா வரச் சொல்லுங்க" என்றாள். பத்திரமாக வரச் சொல்லுங்கள் என்று ஒருத்தி சொன்ன பிறகு, அவன் இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

அவளை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். "உங்க பையன் ஏன்மா வரல?" என்றாள். அவன் செத்ததை ஒல்லிதான் சொன்னான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னால் மூச்சுத் திணறினவள் எனக்காக அழுகிறாள். இந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை எனக்கு.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். நான் அந்தப் போனை வைத்திருப்பது ஒரே ஒரு அழைப்புக்காக. அன்றைக்கு அவன் வண்டியில் பறந்து போனது யாரோ ஒருத்தர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார் என்றுதானே? அந்த ஆள் யார்? அவன் ரோட்டில் விழுந்து கிடந்த நேரம் அவர் இருட்டுக்குள் நின்றுகொண்டு அவனுக்காகக் காத்திருந்தாரே, வெளியே வந்தாரா? யார் எடுத்தார்கள்? உயிரோடு இருக்கிறாரா? அவன் போன காரியம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவேண்டாமா? அந்த ஆள் ஒரு நாள் கூப்பிடுவார், "ஏம்ப்பா அன்னைக்கு வரல?" என்று திட்டவாவது கூப்பிடுவார் என்று காத்திருக்கிறேன்.

போனை ஒல்லியிடம் கொடுத்து, அன்றைக்குக் கடைசியாக வந்த நம்பரைப் பார்க்கச் சொன்னேன். அந்த நேரத்தில் ஒரு அழைப்புகூட இல்லை என்கிறான். எப்படி இல்லாமல் போகும்? அந்தப் பக்கத்துக் கட்டடங்களில் எல்லாம் விசாரித்துவிட்டான். அன்றைக்கு யாரும் மாட்டவே இல்லை என்று காவலாளிகள் சொல்கிறார்களாம்.

அந்த ஆள் வெளியே வந்தாரா என்று மட்டும் தெரிந்தால் போதும். நானே போனைக் கொண்டுபோய் ஒல்லி கையில் கொடுத்துவிடுவேன்.

அத்தை

---

செப்டம்பர் 5

அன்புள்ள அத்தைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நடுவில் எனக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. வார்டுக்குப் போகிற பாதையில் தண்ணீர் தேங்கி, செங்கல் போட்டுத் தாண்டிப் போகிறோம்.

இணைப்பை நிறுத்தவில்லை. நீங்கள் அத்தை இல்லை என்று எழுதினது வலித்தது. இருந்தாலும் கேட்காமல் எழுதியது என் தப்புதான்.

வேலை கூடியிருக்கிறது. டிசம்பரில் வாய்மொழித் தேர்வு. அதற்குள் குறிப்பிட்ட சிலரை முழுதாகப் பார்த்து முடித்திருக்கவேண்டும். எனக்கு ஒரு தகப்பனாரைக் கொடுத்திருக்கிறார்கள். மகளை ஆபரேஷனில் பறிகொடுத்தவர். வந்து உட்கார்ந்தால் ஒரே கேள்விதான்: "கடைசில அவ என்னைத் தேடியிருப்பாளா?" நான் ஒவ்வொரு தடவையும் ஏதோ சொல்லி மழுப்பிவிடுகிறேன். மேடத்துக்கு என் மேல் திருப்தி இல்லை.

அன்றைக்கு அழைத்தவர் நல்லபடியாகத்தான் இருப்பார் அத்தை. பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது கதவைத் திறந்து விட்டிருப்பார்கள். அதை நினைத்து மனதைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். அழைப்பு வந்தால் ஒல்லியின் நம்பரைக் கொடுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மருமகள்

---

செப்டம்பர் 12

மருமகளுக்கு.

காய்ச்சல் விட்டதா? மழையில் நனையாதே. இது வாய்வார்த்தைக்குக் கேட்கவில்லை, நிஜமாகத்தான் கேட்கிறேன். ஆனால் கேட்டுவிட்டதால் என் கோபம் தீர்ந்தது என்று நினைக்காதே.

நான் ஒன்று கேட்டால் நீ மழையைப் பற்றி எழுதுகிறாய். செங்கல்லைப் பற்றி எழுதுகிறாய். உன் கடிதத்தை எதிர்வீட்டுக்காரியை வைத்து இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன், எனக்குத்தான் படிக்கத் தெரியாமல் விட்டுப்போயிற்றோ என்று. அவளே சொல்கிறாள், "நீ கேட்டதுக்கு இதுல பதிலே இல்லையே" என்று. அவளுக்கே தெரிகிறது.

இரண்டு நாளாக யோசித்துக்கொண்டு சட்டையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். காஜாவுக்கு நேரே பட்டன் வைக்காமல் இரண்டு சட்டையைக் கெடுத்தேன். யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவாகிறது. அன்றைக்கு வந்த அழைப்பு போனில் இல்லை என்று எழுதினேன். வேறு யாராக இருந்தாலும் "அது எப்படி இல்லாம போகும்?" என்று பதறியிருப்பார்கள். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் சட்டையையும் போனையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். வாங்கினவள் நீ. காரியம் எல்லாம் முடிந்த பிறகுதான் போன் என் கைக்கு வந்தது. அதுவரை உன்னிடம் இருந்தது. நடுவில் ஒரு நாள் பகலில் சொல்லாமல் எங்கேயோ போய்விட்டு வந்தாய். கேட்டதற்கு, கல்லூரி வேலை என்றாய். வந்து முகம் கழுவிக்கொண்டே இருந்தாய்.

நீ என்ன செய்தாய்? யாரைப் பார்த்தாய்?

நான் ஒன்றும் உன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவில்லை. நேராகத்தான் கேட்கிறேன். நேராகச் சொல்.

அத்தை

---

செப்டம்பர் 29

அத்தைக்கு,

இந்தக் கடிதத்தைப் பக்கத்தில் யாராவது இருக்கும்போது படியுங்கள். எதிர்வீட்டு அக்கா இருந்தால் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அவரைப் படிக்கச் சொல்லாதீர்கள். நீங்களே படியுங்கள். எழுத்தைப் பெரிதாக எழுதுகிறேன்.

போன வாரம் அந்தத் தகப்பனார் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். நான் மறுபடியும் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் எழுந்து, "நீங்க எனக்குப் பதில் சொல்லலம்மா, என்னை வாயடைக்கறீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். மேடம் என்னைத் திட்டவில்லை. "யார்கிட்டயோ எதையோ சொல்லாம வச்சிருக்கே. அதான் யாரு கேள்வி கேட்டாலும் பயப்படறே" என்றார். இப்படியே இருந்தால் டிசம்பர் தேர்வுக்கு என்னை அனுப்ப முடியாது என்றும் சொன்னார். ஆனால் தேர்வுக்காக இதை எழுதவில்லை. நீங்கள் கேட்டீர்கள், அதற்காக எழுதுகிறேன்.

அந்த நம்பரை அழித்தது நான்தான். அழிப்பதற்கு முன்னால் அதற்கு அழைத்துப் பேசி, இடம் விசாரித்துக்கொண்டு போனேன். வாசலில் பெரிய மீன் தொட்டி வைத்திருக்கும் கட்டடம். கதவைத் திறந்தது பள்ளிக்கூடம் படிக்கிற ஒரு பெண். லிஃப்ட் விஷயமாக வந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, "அன்னைக்கா? அந்த லிஃப்ட் அண்ணன் வந்துகிட்டே இருக்கேன்னு சொன்னாரு அக்கா, வரவே இல்ல. நான் போனை வச்சதுமே கரண்ட் வந்து அது தானா ஓடிடுச்சு. நான் டியூஷனுக்கு ஓடிட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான் அத்தை. யாரும் மாட்டிக்கொண்டு தவிக்கவில்லை. யாரும் காத்திருக்கவில்லை. அவர் தெருமுனையைத் தாண்டுவதற்கு முன்னாலேயே அவள் வெளியே வந்துவிட்டாள். வர வேண்டாம் என்று திரும்ப ஒரு போன் செய்திருந்தால் அவர் வண்டியைத் திருப்பியிருப்பார். அவளுக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

அவர் இறந்தது அவளுக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. "ஏன் அக்கா ஒரு மாதிரி இருக்கீங்க? தண்ணி குடிக்கறீங்களா?" என்றாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அவர் ஒரு உயிரைக் காப்பாற்றப் போய் இறந்தார் என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். உங்களை விழாமல் தாங்கியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதை நான் எப்படிப் பிடுங்குவேன்?

என்னை மன்னியுங்கள் என்று எழுதவில்லை. மன்னிக்க முடிந்தால் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

---

அக்டோபர் 21

அத்தைக்கு,

உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. சாப்பிடுகிறீர்களா என்றுகூடத் தெரியவில்லை. நேற்று லைன் அடைபட்டாலும் பரவாயில்லை என்று அவர் நம்பருக்கு அழைத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. யார் கூப்பிட்டாலும் எடுப்பீர்களே அத்தை, இதை ஏன் எடுக்கவில்லை?

ஒல்லியிடம் பேசினேன். வாசலில் மீன் தொட்டி உள்ள கட்டடம் எது என்று நீங்கள் அவரிடம் கேட்டீர்களாம். அவரும் விவரம் தெரியாமல் சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மீன் தொட்டியை நான் எழுதியிருக்கவே கூடாது.

அத்தை, அங்கே போகாதீர்கள். உங்களுக்குக் கோபம் இருந்தால் என் மேல் காட்டுங்கள். அந்தப் பெண் சின்னப் பிள்ளை. ஒரு போன் செய்யாததால் ஒரு ஆள் செத்தார் என்று அவளிடம் சொன்னால், அவள் அதை ஆயுசு பூராவும் இறக்கி வைக்கமாட்டாள். அப்படிச் சுமந்துகொண்டு வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். தலை நரைத்த பிறகும் அந்த ஒரு நாளிலேயே நிற்கிறார்கள்.

மேடத்திடம் விடுப்புக் கேட்டிருக்கிறேன். கொடுக்காவிட்டால் படிப்பே வேண்டாம் என்று கிளம்பி வந்துவிடுவேன். அதற்குள் ஒரு கார்டாவது போடுங்கள். திட்டியாவது போடுங்கள்.

உங்கள் மருமகள்

---

அக்டோபர் 28

மருமகளுக்கு அத்தை எழுதுவது.

உயிரோடுதான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன். படிகள் இறங்கினதில் முழங்கால் மறுபடி வீங்கியிருக்கிறது. நீ கிளம்பி வராதே. படிப்பை விட்டுவிட்டு வந்தால் வாசலிலேயே நிற்கவைத்துத் திருப்பி அனுப்புவேன்.

நீ உண்மையை எழுதின கடிதம் வந்த அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தைத்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் வந்தது. சும்மா செத்தான். ஒன்றுமில்லாததற்குப் போய்ச் செத்தான் என் பிள்ளை. அன்றிலிருந்து போன் அடித்தால் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவேன். நீ கூப்பிட்டதும் அப்படித்தான் தலையணைக்கு அடியில் அடித்திருக்கும்.

அந்தக் கட்டடத்துக்குப் போனேன். உன் கடைசிக் கடிதம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. படித்துவிட்டுத்தான் போனேன். போகாதே என்று நீ சொன்னதும் போகவேண்டும் என்று இன்னும் வேகம் வந்தது. என்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "ஒரு வார்த்தை வராதேன்னு சொல்லியிருந்தா என் பிள்ளை இருந்திருப்பான்டி." இதுதான். இதைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவது என்று முடிவு.

காவலாளி இல்லை. லிஃப்டுக்குள் ஏறி நின்றேன். எந்தப் பொத்தானை அமுக்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, முதுகில் பையோடு ஒரு பெண் ஓடி வந்து உள்ளே நுழைந்தது. ஷூ கயிறு அவிழ்ந்து தரையில் இழுபட்டது.

"எந்த மாடி பாட்டி?"

பாட்டியாம். நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பாட்டியாக்காமலேயே விட்டுவிட்டீர்கள், இவள் ஆக்கிவிட்டாள்.

"மூணு" என்றேன். பள்ளிக்கூடம் படிக்கிற பெண் இருக்கிற வீடு அந்த மாடியில்தான் என்று ஒல்லி விசாரித்துச் சொல்லியிருந்தான்.

"நானும் மூணுதான்!"

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. லிஃப்ட் ஒரு ஆட்டம் ஆடிக் கிளம்பியது. நான் கம்பியைப் பிடித்தேன். அதைப் பார்த்துவிட்டு அவள், "பயப்படாதீங்க பாட்டி. நின்னுட்டா இந்த நம்பருக்கு அடிச்சாப் போதும், வந்துடுவாங்க" என்று விரலை வைத்துக் காட்டினாள். அவன் ஒட்டின ஸ்டிக்கர். எப்போதும் போலக் கோணலாக ஒட்டியிருந்தான்.

"வரமாட்டான்" என்றேன்.

எத்தனையோ பேர் கேட்டும் நான் சொல்லாத வார்த்தை. அங்கே வந்தது.

"ஏன் பாட்டி?"

"செத்துப்போயிட்டான். வேற நம்பர் ஒட்டச் சொல்லு."

அவள் முகம் வாடிவிட்டது. "ஐயையோ. அந்த அண்ணனா? நல்லா பேசுவாரே. ஒரு தடவை எனக்கு லிஃப்ட் எப்படி ஓடுதுன்னுகூடக் காட்டினாரு. எப்ப பாட்டி?"

நான் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனது எதுவும் தேவைப்படவில்லை. தேதியைச் சொன்னால் போதும். மீதியை அவளே கணக்குப் போட்டுக்கொள்வாள். நாக்கு நுனியில் இருந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆச்சு, கொஞ்ச நாளாச்சு" என்றேன்.

கதவு திறந்தது. "யார் வீட்டுக்கு வந்தீங்க? ரொம்ப வேர்க்குதே உங்களுக்கு. வாங்க, தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்று கையைப் பிடித்தாள்.

குடித்தேன். டம்ளரைக் கொடுத்துவிட்டு, குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். படி வழியாகவே இறங்கி வந்துவிட்டேன்.

நம்பரை ஒல்லி பேருக்கு மாற்றிக் கொடு. நிறுத்தவேண்டாம். கூப்பிடுகிறவர்களுக்கு யாராவது போகவேண்டும். கருவிப் பையையும் அவனிடம் கொடுத்துவிட்டேன். துரு ஏற விட்டதற்கு என்னைத் திட்டினான். அந்த டீச்சருக்கு உடம்பு தேறிவிட்டது, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

உன் மேல் கோபம் இன்னும் போகவில்லை. போகும்போது சொல்கிறேன். அந்தத் தகப்பனார் திரும்ப வந்தால், கேட்டு முடிக்கட்டும், குறுக்கே பேசாதே. எதிர்வீட்டுக்காரி மகனும் உனக்காகத்தான் காத்திருக்கிறான். டிசம்பரை முடித்துவிட்டு வா.

எனக்கு ஒல்லி வேறு ஒரு போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். நம்பர் கீழே எழுதியிருக்கிறேன். எந்த லிஃப்டிலும் அது ஒட்டியில்லை. எப்போது கூப்பிட்டாலும் லைன் கிடைக்கும்.

அத்தை